குலை தள்ளாத வாழை

தாரிஸ் சாலையோரம் என் கடை.
கீற்றுக் கொட்டகை, ஏழெட்டுத் தார், இளநீர்க் குவியல்,
கரீஃப் தூறலில் மூன்று மாதமும் காயாத கல்லாப்பெட்டி.

லுபாபா பழத்துக்கு வருவதில்லை.
இலை கேட்பாள். கிழியாத இலை, ஐந்து.
விருந்தா என்றேன் முதல் நாள்.
புதைக்க, என்றாள்.

எங்களுக்கு நடுவில் இருந்தது உடைந்த அரபி.
அவளுடையது அடுக்களையில் கற்றது,
என்னுடையது பேரத்தில்.
இரண்டிலும் வசைகள்தான் அதிகம்.

கைபேசியில் காட்டினாள்:
கூம்புக் கூரையைத் தாண்டி ஒரு வாழை,
நடுநரம்பு சிவந்து.
எத்தனை சீப்பு வரும்?
சிரித்தாள். குலைக்காக யாரும் நடுவதில்லையாம்.
மட்டையைப் பலகையில் சாய்த்து
குதிகாலால் அழுத்தி
மூங்கிலால் வழித்தெடுத்து
அதன் இலையிலேயே பொதிந்து
குழிக்குள் இறக்குவார்களாம் பெண்கள்.
புளித்துப் புளித்து மாதங்கள் கழிய, ரொட்டி.
கொச்சோ.
என் காதில் கொச்சை என்று விழுந்தது.

சலாலாவுக்கு அவள் ஹபஷி, நான் மலபாரி.
அம்ஹாராவா என்றேன், விவரம் தெரிந்தவன்போல.
வோலானே, என்றாள்.
பிறகு மெதுவாக, ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு:
வோ. லா. னே.

பதிலுக்கு என் ழகரத்தை நீட்டினேன்.
நாக்கை மடித்துப் பார்த்து
தமர் என்றாள்.
அரபியில் அது பேரீச்சம்பழம்.
பழந்தமிழில் வேறு.
விளக்க என் அரபி போதாது,
திருத்தவும் மனமில்லை.

அந்த மரம் இங்கே ஏது?
கோதுமை மாவைப் பொதிந்து
ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் புதைத்திருக்கிறாள்.
பன்னிரண்டாம் நாள் எசமானிக்கு மூக்கு விழித்தது.
எலி செத்ததென்று டிரைவர் தேடினான்,
சாக்கடை அடைப்பென்று குழாய்க்காரன் வந்து
நான்கு ரியால் வாங்கிப் போனான்.
ஐந்தாவது ஆள் மண்வெட்டியோடு வருமுன்
அபாயாவுக்குள் மறைத்துப்
பொட்டலத்தை என் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தேநீர் அடுப்பில், தகரத் தட்டில் சுட்டோம்.
மாத்திரைக் குப்பியிலிருந்து
செக்கச் சிவந்த ஒரு பொடி தூவினாள்.
கண்ணில் நீர் வந்தது எனக்கு.
நன்றாயிருந்தது என்றால் பொய்.

இது அது இல்லை, என்றாள் வாயைக் கோணி.
கோதுமைக்குப் பொறுமை கிடையாது.
அடுத்த தடவை எட்டு நாள் போதும்.

மூடப்போகும் கடையில் ஐந்து இலை எடுத்தாள்,
ஒளிக்குக் காட்டி, கிழிசல் பார்த்து.
இருநூறு பைசா வைத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
கடை கடைதானே.