தேறல்

பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஜூலை. பந்துருட்டும் சங்கத்தின் கூடம்.
வெளியே புல்லில் உறைபனி,
உள்ளே ஒரு ஹீட்டர், பத்து நடுவர்கள்.
காலையிலிருந்து ஊறுகாய் கூடாது, உதட்டுச்சாயம் கூடாது,
வாசனை சோப்பும் வேண்டாம் என்று கடிதம் வந்திருந்தது.
கோபஸ் மட்டும் சட்டைப்பையில் பில்டோங் வைத்திருந்தான்.
அடுத்த மேசைக்கே தெரிந்தது.

எங்களுக்கு வந்தது பெல்ஜியப் பாணி அம்பர்.
பதினொரு கிளாஸ். பெயர் இல்லை, எண் மட்டும்.

முதலில் கண். நிறம், நுரை, தெளிவு
எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றே மதிப்பெண்.
எவ்வளவு அழகாயிருந்தாலும் மூன்றுதான்.
விதி எழுதியவர் பட்டவராயிருக்க வேண்டும்.
பிறகு மூக்கு, பிறகு நாக்கு.
ஒயின்காரர்களைப்போல் துப்பிவிட முடியாது,
பீரின் கசப்பு
தொண்டைக்குப் போகும் வழியில் நின்று
ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.
அதற்காகவே விழுங்குகிறோம்.

ஒன்று: வெண்ணெய் வாடை, பொறுமையில்லாத கை.
இரண்டு: ரஸ்க், பேரிக்காய், அளவான கசப்பு.
நாற்பத்து மூன்று போட்டேன், மறந்துபோனேன்.
மூன்றில் குழாய்த் தண்ணீரின் குளோரின்.
நகராட்சித் தண்ணீரை முகர்ந்து பார்க்கத்தான்
பதினாறு வருடமாக எனக்குச் சம்பளம்.
அவருக்கு மட்டும் ஒரு பத்தி எழுதினேன்.
நான்கு, ஐந்து, ஆறு:
குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை.

ஏழு.
சந்தீலே ஊற்றும்போதே கொத்தமல்லி விதை,
வறுக்காதது, நசுக்கியது.
அதற்கு அடியில் நார்ச்சித் தோல்.
(நம் நாரத்தைதான், கப்பலேறி வந்து
ஆப்பிரிக்கான்ஸ் வாயில் பெயர் தேய்ந்துபோனது.)

நேசன் கை.
ஒன்பது வருடம் எங்கள் கராஜில் இந்த வாசனை.
தலையணை உறையில்கூட இருந்தது.

ஆளைத் தெரிந்துவிட்டால் கையைத் தூக்கிவிட்டு
எழுந்துபோக வேண்டும் என்பது விதி.
தூக்கவில்லை.
தேறிவிட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது.
யாருக்கு? எதிரில் கோபஸ்தான் இருந்தான்.

மணத்தில் ஒன்று குறைத்தேன், சுவையில் இரண்டு,
பொது அபிப்பிராயத்தில் இன்னும் ஒன்று,
நியாயமாக இருப்பதற்காக.
'பின்சுவை நீள்கிறது' என்று எழுதினேன், பிழைபோல.
முப்பத்தெட்டு.
கோபஸ் நாற்பத்திரண்டு போட்டிருந்தான்.
"அது உன்னை என்ன செய்தது?" என்றான்.

தெளிந்த கள்ளுக்குப் பழைய தமிழில் தேறல் என்று பெயர்.
பரீட்சையில் தேறலாம், காய்ச்சலில் தேறலாம்,
ஆளிடமிருந்தும் தேறலாம் என்கிறார்கள்.
மண்டி போய்விடுவதில்லை, அடியில் படிகிறது.
பாட்டிலைச் சாய்க்கும் மணிக்கட்டில் இருக்கிறது
மற்றதெல்லாம்.

நாலு மணிக்கு உறைகளைப் பிரித்தார்கள்.
இரண்டு: நேசன். முதல் பரிசு.
ஆள் வரவில்லை, மருமகன் வாங்கிக்கொண்டான்.
மாமா இப்போதெல்லாம்
தோல், விதை எதுவும் போடுவதில்லை என்றான்.

ஏழு: புசிசிவே சோந்தி, எடென்டேல்.
முதல் போட்டி.
அரை மதிப்பெண்ணில் மூன்றாமிடம் போயிற்று.
இரவுப் பணி முடித்துத் தாதி உடுப்போடு
நேரே வந்திருந்தாள். என் தாளை
இரண்டாக மடித்து வைத்திருந்தாள்.

"பின்சுவை நீள்கிறது என்று போட்டிருக்கிறீர்களே,
தோலைக் குறைக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "ஒன்றையும் குறைக்காதே."

"அப்படியென்றால் ஏன்…"

சந்தீலே மேசைகளை மடக்க ஆரம்பித்திருந்தான்.
ஏழாம் கிளாஸில் ஒரு வாய் மீதியிருந்தது,
குளிர் விட்டுப்போய்.
அதை அவளிடம் நீட்டினேன்.
ஏன் நீட்டினேனோ.
வாங்கி, முகர்ந்து,
தலையைச் சற்றுச் சாய்த்து,
தன் பீரைத் தானே
முதன்முறையாகப் பார்ப்பவள்போல் நின்றாள்.