வார்த்தைக்கு எண்பது சென்ட்

வார்த்தைக்கு எண்பது சென்ட் என்றாள்
பத்திரிகை அலுவலகத்துப் பெண்.
போனைக் கையால் பொத்திக்கொண்டு
அக்கா எங்களைப் பார்த்தாள்:
எத்தனை போடலாம்?

எய்னார் லாக்சோ, எண்பத்தெட்டு.
முன்னாள் படைவீரர். குடும்பஸ்தர்.
காடும் ஏரியும் அறிந்தவர்.
போதும் என்றாள் அம்மா.
அப்பாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.
காசு கொடுத்துப் பேசுகிற ஆளில்லை.

மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்,
இது இலவசம்.

கொரியாவில் இடது காலின் இரண்டு விரல்களை
விட்டுவிட்டு வந்தார்.
குண்டு இல்லை, குளிர்.
காலுறையைக் கழற்றினேன், கூடவே வந்துவிட்டன என்பார்,
கடையில் குடையை மறந்து வந்தவர் மாதிரி.
அந்த மலைச்சரிவில்
பக்கத்தில் படுத்திருந்தவன் பெயரை மட்டும்
வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னார்,
பல் மருத்துவர் மயக்க ஊசி போட்டிருந்தபோது.
மறுநாள், யாரப்பா அது என்று கேட்டேன்.
சூப் ஆறுகிறது என்றார்.

அப்படிப்பட்டவர்
மிச்சிகனின் வடகோடியில்
ஜனவரி பிறந்ததும் உறைந்த ஏரி நடுவே துளை போட்டு
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
பகல் முழுக்க ஏன் தூண்டிலைப் பார்க்கவேண்டும்?
கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:
"இங்கே கார் சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது."

மூன்று பெண் பிள்ளைகள் நாங்கள்.
அம்மாவுக்குச் சுரங்க மருத்துவமனையில் இரவுப் பணி.
பள்ளி நாட்களில் அவர்தான் சடை பின்னுவார்.
அவருக்குத் தெரிந்தது தூண்டில் முடிச்சு.
பத்துக் கிலோ மீன் இழுத்தாலும் அவிழாது.
சாயங்காலம் கத்தரிக்கோல்.
அந்த வருடத்துப் படங்களில் எங்கள் மூவர் தலையும்
எலி கடித்த மாதிரி இருக்கும்.

மான் வேட்டை தொடங்குவது நவம்பர் பதினைந்து.
நான் பிறந்தது நவம்பர் பதினாறு.
அவர் இருக்க ஒரு கேக்கும் நான் வெட்டியதில்லை.
மன்னித்துவிட்டேனா, தெரியாது.
இருக்கட்டும், இதுவும் கணக்கில்.

கல்லறைத் தோட்டத்தில்
படைவீரர் சங்கத்துக் கிழவர்கள் ஏழு பேர்
மூன்று முறை வானத்தைச் சுட்டார்கள்.
முதல் வெடிக்கே நிக்கல்
கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.
அதன் கணக்குப்படி ஒரு வாத்து விழுந்தாக வேண்டும்.
போதகர் ஜெபத்தை நிறுத்தினார்.
வேலிக்கு அப்பால், அறுத்த புல்வெளியில்
மூக்கைத் தரையில் பதித்து
அங்கும் இங்கும் தேடி
நின்று
எங்களைத் திரும்பிப் பார்த்தது,
எந்தப் பக்கம் என்று யாராவது
கை காட்டுவார்கள் என்பது போல.

முக்கோணமாக மடித்த கொடியை
அம்மா மடியில் வைத்தார்கள்.
வீட்டில் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
நிலவறையில் ஃப்ரீசர்மேல் வைத்தாள்.

ஃப்ரீசருக்குள் பொட்டலம் பொட்டலமாய் மீன்.
ஒவ்வொன்றின் மேலும் அவர் பென்சில் எழுத்து.
"பிப்ரவரி 9. மேற்குக் காற்று. தனியே."
"மார்ச் 2. கடைசி மருமகனோடு. ரொம்பப் பேசுகிறான்."
"மார்ச் 17. வெர்னா வந்தாள். தூண்டிலைத் தொடவில்லை.
சும்மா உட்கார்ந்திருந்தாள். நல்ல நாள்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு தடவை படித்தாள் அம்மா.
இதை எடுத்து வெளியே வை என்றாள்.

ராத்திரி வெண்ணெயில் பொரித்தோம்.
நான்கு பேர், ஒரு மீன்.
ஒவ்வொரு வாயையும்
நாக்கால் துழாவித் துழாவி மென்றாள் அம்மா,
எதையோ தேடுகிறவள் போல.
தட்டு காலியானதும் தள்ளி வைத்தாள்.

ஒரு முள்ளாவது விட்டிருக்கலாம்
இந்த மனுஷன்.