நானூற்று முப்பத்தெட்டு

திருச்சியிலிருந்து முதல் பேருந்தில் வந்தார் செபஸ்தியான்.
பெட்டிக்கும் டிக்கெட் போட்டானாம் நடத்துநர்.
பெட்டிக்குள் கம்பளி, கம்பளிக்குள் உருக்கு வளையம்.
"உடனே வேண்டாம்மா.
உங்க அறைச் சூடு இதுக்குள்ள இறங்கணும்.
மூணு மணி நேரம் தொடாதீங்க."

காரைக்குடி, கழனிவாசல் சாலை, சித்திரை மாதம்.
பதினொரு மணிக்கே முப்பத்தேழு டிகிரி.
வளையம் மேசைமேல் இருந்தது,
பெண் எடுத்த வீட்டில் முதல் நாள் மாப்பிள்ளை போல
எதிலும் சாயாமல்.

அதுவரை என் வேலை.
மேல்தட்டு, கீழ்த்தட்டு, மண்ணெண்ணெய்த் துணி.
ஓரத்தில் ஒரு சிமென்ட் பரு,
நகம் பட்டபோதுதான் தெரிந்தது.
பந்துமூட்டில் கெட்டியாகக் கிரீஸ்,
போன வருடம் இங்கிருந்த பையன் ஆசையாக அப்பியது.
அங்கே கிரீஸ் ஆகாது.
சுமை ஏறியதும் நழுவாமல் நிற்க வேண்டிய இடம்,
மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

ரீபவுண்ட் சுத்தியலை உருக்குக் கட்டையில் பத்துமுறை அழுத்தினேன்.
எண்பது வர வேண்டும்.
எழுபத்தாறு.
முனையைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.
எழுபத்தொன்பது.
சரி, போகட்டும்.

இரண்டு மணிக்கு வளையம் தட்டுகளுக்கு நடுவே ஏறியது.
அவர் படிக்க, நான் எழுத.
இருநூறில் வித்தியாசம் இல்லை.
மெஷின் நானூறு என்றபோது
வளையம் நானூற்றுப் பதினாறு என்றது.
இறக்கி ஏற்றினோம். நானூற்றுப் பதினாறு.
வளையத்தைத் திருப்பி வைத்து ஏற்றினோம்.
செபஸ்தியான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
"நூத்துக்கு நாலு. குறைச்சுச் சொல்லுது."
"எப்போதிலிருந்து?"
"அது வளையத்துக்குத் தெரியாதும்மா."

பதிவேட்டைப் புரட்டினேன்.
எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியும்.
புதுவயல் அரிசி ஆலை, நெல் இறக்கும் தளம்.
ஒப்பந்தம்: அடைக்கலம்.
எம் இருபது. இருபத்தெட்டாம் நாள். தேவை நானூற்று ஐம்பது.
மூன்று கியூப், சராசரி நானூற்று முப்பத்தெட்டு.
என் கையெழுத்தில், சிவப்பு மையில்: தேறவில்லை.

ஆலைக்காரர் தளத்தை உடைக்கச் சொல்லிவிட்டார்.
உடைத்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
ஆனால் நகல் வாங்க வந்த அடைக்கலம்
மெஷினையே பார்த்தபடி நின்றது தெரியும்,
பில்லைக்கூட எண்ணிப் பார்க்காமல்.
இப்போது பெருக்கிப் பார்த்தேன்.
நானூற்று ஐம்பத்தைந்து.

உள்ளே செபஸ்தியான் திருகைத் திருத்திக்கொண்டிருக்க
வெளியே வேப்பமரத்தடியில் நின்று போன் போட்டேன்.
பின்னணியில் மிக்சர் ஓடியது.
"அண்ணே, அன்னைக்கு உங்க கியூப் பாஸ் ஆகியிருக்கணும்.
எங்க மெஷின்தான் தப்பு."
யாரிடமோ மிக்சரை நிறுத்தச் சொன்னார்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இருமலா சிரிப்பா என்று தெரியாத ஏதோ ஒன்று.
"கியூப்பு பாஸ்தாம்மா.
கியூப்புக்கு மட்டும் சிமென்ட்டு கூடப் போட்டுத் தனியாக் கலந்தான் நம்ம ஆளு.
தளத்துக்குப் போட்டது அது இல்ல.
லாரி ஏறுற எடம். உடைச்சதே நல்லதுன்னு இருந்துட்டேன்."
வைத்துவிட்டார்.

பிழையான மெஷின். பிழையான கியூப்.
இரண்டும் சேர்ந்து
தளத்தைப் பற்றி உள்ளதைச் சொல்லியிருக்கின்றன.
அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
பழைய எண்ணை அடிக்காமல்
பக்கத்தில் பச்சையில் எழுதினேன்: 455, திருத்தியது, தேறியது.
ஆலைக்கும் கடிதம் போக வேண்டும். போகும்.

மாலையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்து வாங்கினார் செபஸ்தியான்.
"இந்த வளையத்தை யார் சரிபார்ப்பாங்க?"
"ஆடியில பெங்களூர் போகும்" என்றவர்
கம்பளியைக் காது மறைய இழுத்துவிட்டார்.
பேருந்து நிலையம்வரை பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால் பதிவேடு திறந்தே கிடக்கிறது.
நானூற்று முப்பத்து மூன்றுக்கும் நானூற்று ஐம்பதுக்கும் இடையில்
இன்னும் பதினேழு வரிகள்.
அடுத்தது கோட்டையூர், ஒரு மாடிப்படி.
மணி அடிக்கிறது.
யாரும் எடுக்கவில்லை.