பதினாலாம் மேசை

தண்ணீரை ரெண்டு தடவை கொதிக்கவைத்து ஆறவிடணும்.
ஒரு கொதி போதாது,
நடுவில் சாம்பிராணிப் புகைபோல் வெள்ளை நிற்கும்.
ரெண்டாம் கொதியில்தான் கண்ணாடி.
இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை,
கெட்டுப்போன ஒன்பது வாளிகள் சொல்லின.

விரல் உயரம் ஊற்றி உறையவிட்டு
அதன்மேல் தோவாளைப் பூ.
தாமரை அடங்காது, மிதக்கும்;
கழுத்தளவு தண்ணீரில் முதலில் காலைப் பிடித்துவைத்து
இறுகியபின்தான் தலையை மூழ்கடிக்கலாம்.
பிச்சி ஒரே ராத்திரியில் டீ நிறம்.
அரளி வேண்டவே வேண்டாம், விஷம்.
பிள்ளைகள் நக்கும்.

ஃப்ரீசர் குளச்சலில் கடையை மூடிய கிளீட்டஸிடம் வாங்கியது.
ஒரு வாரம் சோடாப்பும் எலுமிச்சையும் தேய்த்து
நெய்மீன் வாடையை விரட்டினேன்.
போய்விட்டது என்று நான் சொல்கிறேன்.
பூனை வேறு சொல்கிறது.

"எக்கா, அன்னம் ஒண்ணு செய்ய ஒக்குமா?"
பந்திக்காரன் ஷிபு கேட்டான்.
அன்னத்துக்கு ஐஸ் பிளான்ட் பார் வேணும்,
பாரைத் தூக்க நாலு கை வேணும்.
எனக்கிருப்பது ரெண்டு, ஒன்றில் சேற்றுப்புண்.
"பூ போதும்" என்றேன்.
மார்த்தாண்டம் வரவேற்பு, பதினாலு மேசை,
மேசைக்கு ஒன்று.

விடியுமுன் வாளிகளைக் கவிழ்த்து
வெந்நீர்த் துணியால் முதுகைத் தடவ
ஒவ்வொன்றாய் வழுக்கிக்கொண்டு வந்தன,
பதினாலாவதும்.
அதனுள்ளே சிவப்புத் தாமரை,
தாமரையைச் சுற்றி ஒன்றரைச் சுற்று
என் தலைமுடி.

வேறு செய்ய ரெண்டு நாள் ஆகும்.
டெம்போ வாசலில் ஹாரன் அடிக்கிறது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
நுனி கறுப்பு,
வேர்ப்பக்கம் நாலு விரல் வெள்ளை.
கண்ணாடியில் பார்க்காததை
ரெண்டு கொதி கொதித்த தண்ணீர்
பூதக்கண்ணாடி வைத்துக் காட்டுகிறது.

மீன்பெட்டி, ஈரச் சாக்கு, உமி.
கருங்கலில் பஸ் ஒன்று குறுக்கே நின்றதில் கால் மணி நேரம்
அத்தனையும் சாக்குக்குள் வியர்த்தன,
நானும்.

பதினாலை மூலை மேசையில் வைத்தேன்,
ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் மேசை,
யாரும் நின்று படம் எடுக்காத மேசை.
தூணுக்குப் பின்னால் தட்டு அடுக்குவதுபோல் நின்று
உருகு, உருகு என்றேன்.
மற்ற பதின்மூன்றிடமும்
உருகாதே என்றேன்.
ஏசியோ ரெண்டு பேச்சையும் கேட்கவில்லை.

பிரியாணி வந்தது. அப்பளம் உடைந்தது.
பெண்ணின் சித்தப்பா
எலும்பை ஐஸின் தட்டிலேயே வைத்தார்.
ஒரு பையன் மட்டும்
விரலை ஒட்டவைத்து ஒட்டவைத்து எடுத்தவன்
மூக்கை அருகில் கொண்டுபோய்
"ஆன்ட்டி, உள்ள ஒரு ரோடு போவுது."
"ஓ."
"எங்க போவுது?"
"பூவுக்க வீட்டுக்கு."
நம்பினான். அல்லது
ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

பந்தி முடிந்தபோது தாமரை மல்லாந்து கிடந்தது,
ஈர விரிப்பில் முடி,
எல்லாரும் பார்த்த இடத்தில், யாரும் பார்க்காமல்.
நகத்தால் நிமிண்டி எடுத்தேன்.
எறிய மனமில்லை, வைக்கவும் இடமில்லை;
வளையலில் சுற்றிக்கொண்டேன்.

விரிப்பு நனைந்ததென்று ஷிபு முந்நூறு பிடித்தான்.
ஐஸ் நனைக்காமல் என்ன செய்யும் என்று கேட்டதற்கு
"அடுத்த சனி தக்கலையில இருபது மேசை" என்றான்.

வீட்டுக்கு வந்ததும்
தலையில் துண்டை இறுக்கிக் கட்டி
பெரிய பானையை அடுப்பில் வைத்தேன்.
முதல் கொதி.