ஏற்காடு வேண்டாம்

மே இரண்டாம் ஞாயிறு, விடிகாலை நாலு மணி.
அதுவரைக்கும் முடிவாகிவிட்டது.
மற்றதெல்லாம் இன்னும் பேச்சுவார்த்தையில்.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் பாதித் தமிழ்நாடு
மலைக்குத் திரும்புகிற மாதம் இது.
கோடை விழா, படகுக்கு வரிசை, மிளகாய் பஜ்ஜி,
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
நிதிலன் வாந்தியெடுத்த வரலாறு.
நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம் என்றதும்
மாடி வீட்டு சுகந்தி டீச்சர் ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார்:
"இங்க இருக்கற வெயில் பத்தலையா?"

கண்டிக்கோட்டா.
கடப்பா தாண்டி, ஜம்மலமடுகு தாண்டி,
செம்பாறையை இரண்டாகப் பிளந்துகொண்டு
ஒரு ஆறு போகிறதாம்.

அர்த்தனாரி ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கோடு போட்டு
டீசல், சுங்கம், ஒரு ராத்திரி ரூம் என்று அடுக்கி
அடியில் வந்த தொகையை
அடுத்த வீட்டுக் குறும்புக்காரப் பிள்ளையைப் போலப் பார்க்கிறார்:
அடிக்கவும் முடியாது, கொஞ்சவும் மனசில்லை.

கார் மூன்று கை மாறி வந்தது.
கொண்டலாம்பட்டி மெக்கானிக் பாபுஜான்
பானெட்டைத் திறந்து வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சொன்னார்: ஏசி தருமபுரி வரைக்கும் வரும்.
அதுக்கு மேல அல்லா விட்ட வழி.
திரும்பும்போது தொப்பூர் இறக்கத்துல செகண்ட் கியர், மறந்துராதீங்க.

யாழ்மொழி போனில் வரைபடத்தை விரித்து நகர்த்துகிறாள்.
காவேரிப்பட்டினத்தில் தென்பெண்ணை.
போய்ச் சேருகிற இடத்தில் வடபெண்ணை.
ஒரே மலைப்பக்கம் பிறந்து
வேறு வேறு சீமைக்கு வாக்கப்பட்ட அக்கா தங்கை;
ஒருத்தி வாசலைத் தாண்டித்தான்
இன்னொருத்தியைப் பார்க்கப் போகவேண்டும்.
வெறுங்கையோடு போகலாமா?
எழுது: தட்டுவடை நாற்பது. சட்னி தனித்தனி டப்பாவில்.
பீட்ரூட் துருவல் வேண்டாம், ராயச்சோட்டிக்குள் ஊசிப்போகும்.

அந்தப் பள்ளத்தை யாரு தோண்டினது, நிதிலன் கேட்கிறான்.
ஆறு.
ஜேசிபி இல்லாமயா?
இல்லாமதான்.
எத்தனை நாளாச்சு?
எத்தனையோ லட்சம் வருஷம்.
"நடுவுல லீவு விட்டிருப்பாங்க" என்று
அவனே சமாதானமாகிறான்.

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு, பொழுது நண்பகல்,
யாழ்மொழி தேர்வுக்குப் படித்ததை இன்னும் இறக்கிவைக்கவில்லை.
நாலு பேரும் ஒரே சோற்று மூட்டையோடு போனால்
அது எந்தத் திணை?
யாருக்கும் தெரியவில்லை.
புளிசாதம் என்று எழுதிக்கொண்டோம்.

பிள்ளைகள் தூங்கியபிறகு கேட்டார்:
"நெஜமாவே, ஏன் அங்க?"

பதினாறு வருஷத்தில் பன்னிரண்டு முறை
லேடீஸ் சீட் கம்பியைப் பிடித்து நின்றிருக்கிறோம்.
ஒவ்வொரு முறையும் நீங்கள் விரலை நீட்டுவீர்கள்.
அது ஜங்ஷன். அது அஞ்சு ரோடு.
அதோ வெள்ளையாய்த் தோண்டிக் கிடப்பது வெள்ளைக்கல் சுரங்கம்.
அதற்கு இந்தப் பக்கம் நம்ம பேங்க்.
அந்த டவருக்குப் பின்னால் நம்ம தெரு.
ஆமா, மோட்டாரை ஆஃப் பண்ணினியா?

ஐயாயிரம் அடி ஏறி,
பனி மூக்கைத் தொடுகிற இடத்தில் நின்று,
நாம் பேசியது மோட்டார் சுவிட்சைப் பற்றி.
நான் பண்ணியிருந்தேன்.
பன்னிரண்டு முறையும் பண்ணியிருந்தேன்.

ஒரே ஒருதரம்
ஒரு விளிம்பில் நின்று குனிந்து பார்க்கவேண்டும் எனக்கு.
அடியில் நம் தெரு இருக்கக்கூடாது.

மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது.
கேட்டாரா, தூங்கிவிட்டாரா தெரியவில்லை.

"அங்க நிழல் இருக்காதே."
இருக்காது.
"பிடிச்சுக்கக் கம்பி?"
பாறைதான்.
"நம்ம ஊரு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது."
தெரியாது.

எழுந்து விளக்கைப் போட்டார்.
கரண்ட் பில்லைத் தேடியெடுத்து,
தொகையை அடித்துவிட்டு,
தண்ணி கேன் இன்னும் ரெண்டு
என்று எழுதினார்.