ஃபால்டா

நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.
பவுரு நகரத்தில் என் மேசைக்கு வந்தது
சாந்தில் வார்த்த மேல்தாடை மட்டும்.
சீட்டில் வால்டெமிர் ப்ராகா, ஐம்பத்தெட்டு.

பெயரைப் படித்ததும் ரேடியோவைக் கூட்டினேன்.
ஞாயிறுதோறும் பந்தாட்டத்தை
எங்கள் காதுக்குள் ஓடவிடும் ஆள்.
இரண்டு வருஷமாக அவர் வாயில்
ஃபால்டா என்பது பால்டா ஆகிவிட்டது.
முட்டியில் உதைத்தவன்கூட
தண்டனையில்லாமல் தப்புவதுபோல் கேட்கும்.

ஸ்கேனில் எலும்பு முட்டையோடு.
இடுப்பிலிருந்து வெட்டி ஒட்டலாமா என்றதற்கு
"நின்றுகொண்டு கத்துகிறவன் நான்" என்றாராம்.
ஆகவே டாக்டர் இராசெமா மேலே போனார்,
கன்னத்தெலும்புவரை,
நாலு நீளத் திருகாணி, சாய்த்து:
தலைகீழாய் இறக்கிய ஆழ்குழாய்.

பன்னிரண்டு பற்கள்.
மகள் அனுப்பிய பழைய போட்டோவில், உதட்டளவு,
ஒன்று பக்கத்துப் பல்மேல் ஏறி நின்றது.
அப்படியே வைத்தேன்.
காப்பிக் கறையும் கொஞ்சம்.

மூன்றாம் ஞாயிறு, எழுபத்தோராம் நிமிஷம்,
"ஃபால்டா!"
பீன்ஸ் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.
கீழுதட்டில் பல் பட்டுக் காற்று கிழிந்த சத்தம்,
நான் செய்த பல்.

ஊர் முழுக்க நடுவரைத் திட்டிக்கொண்டிருக்க,
பந்தை வைத்தவன் பெயர் சீஸெரோ.
அந்த 'சீ'யில்
மெல்லியதாய் ஒரு விசில்.

அரை மில்லிமீட்டர் தடிமன்.
இது என் ஃபால்டா.
செவ்வாய்க்கிழமை வரச்சொல்ல வேண்டும்.