எஞ்சினுக்குள் மார்கழி

"லிட்டருக்கு எட்டுதான் குடுக்குது"
என்றார் சம்பங்கி,
கடன்காரன் பெயரைச் சொல்வதுபோல்
குரலைத் தாழ்த்தி.

மஞ்சள் கார். டர்போ.
பின்னால் விமானத்தில் கழற்றியதுபோல் ஒரு இறக்கை.
சைலன்சருக்குள் சொம்பு நுழையும்.
மூன்று வருடம் முன்பு இதே ஷெட்டில்
இதே லேப்டாப்பால்
இருநூற்றுப் பத்துக் குதிரைகளை
நான்தான் உள்ளே ஓட்டி அடைத்தேன்.
அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"இன்னும் ஏறுமா திம்மக்கா?"

இப்போது பர்கூர் கிரானைட்டில் பங்கு போய்விட்டது.
தினமும் ஓசூர் போகிறார்
வேறு யாருடைய கணக்கையோ எழுத.
போக ஐம்பது, வர ஐம்பது.

"வித்துடலாமே" என்றேன்.
கூரைமேல் புறங்கையை வைத்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

பிளக்கைக் கழற்றினால் கரி.
விரலில் வெல்வெட்டுப்போல் ஒட்டும் கரி.
பாதியை எரித்து
மீதியைத் துப்பிக்கொண்டிருக்கிறது வண்டி.
ஆக்சிஜன் சென்சார் கிழடு,
கூப்பிட்டால் ஊர் சுற்றிவந்து பதில் சொல்கிறது.
மாற்றினேன்.
டர்போவின் மூச்சைக் குறைத்தேன்.
எண்பதில் போகும்போது
பொறி இரண்டு டிகிரி முன்னால் விழட்டும் என்று
கட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.
ஒன்பது வந்தது.
அதற்குமேல் அசையவில்லை.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பை மடியில் வைத்து
அவரை ராயக்கோட்டை மேம்பாலம் வரை ஓட்டச் சொன்னேன்.
சித்திரை. ஓரத்தில் மாங்காய்க் கூடைகள்,
கூடைக்காரிகள் குடையைத் தரையில் சாய்த்து
அதன் நிழலுக்குள் முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள்.
தார் உருகி டயரைப் பிடிக்கிறது.
திரையில் கூலன்ட் சூடு
அறுபத்தொன்று.

அறுபத்தொன்றா?

ஷெட்டுக்குத் திரும்பி, ஆறவிட்டு,
தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தைத் திறந்தேன்.
உள்ளே ஒன்றும் இல்லை.
வேகத்துக்குக் குளிர்ச்சி நல்லதென்று
எந்தப் புண்ணியவானோ பிடுங்கி எறிந்திருக்கிறான்.
போல்ட்டின் தலையில்
பச்சை பெயிண்ட் புள்ளி.

பச்சைப் புள்ளி நான் வைப்பது.

மூன்று வருடமாக
இந்த எஞ்சினுக்குள் மார்கழி.
டவுனே கொதிக்கும்போதும்
'குளிருது' என்றது சென்சார்.
நம்பி நம்பி
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
பெட்ரோலை ஊற்றியது கம்ப்யூட்டர்.
பொய் சொன்னது இரண்டும் இல்லை.

தொள்ளாயிரம் ரூபாய் உருப்படி.
போட்டேன்.
இறக்கையையும் கழற்றி மூலையில் சாய்த்தேன்,
அதற்கு மட்டும் அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

பங்கில் சாதிக்கிடம் சொன்னேன்,
"முதல் கிளிக்கோட நிறுத்து,
ரவுண்டா வேணாம்."
கிளம்பினோம்.
மேலுமலை ஏற்றத்தில்
தக்காளி ஏற்றிய பிக்கப் ஒன்று
ஹாரன் அடித்து எங்களை முந்தியது.
தார்ப்பாய்மேல் படுத்திருந்த பையன்
எழுந்து உட்கார்ந்தே பார்த்தான்,
இவ்வளவு மஞ்சளாக ஒன்று
இவ்வளவு மெதுவாகப் போவதை.
சம்பங்கியின் வலது முட்டி துடித்தது.
"அழுத்தாதீங்க."
"அழுத்தலையே."
"அழுத்துறீங்க."

ஓசூர் போய், டீ குடித்து, திரும்பி
அதே பங்க், அதே பம்ப், அதே சாதிக்.
நூற்றிரண்டு கிலோமீட்டர்.
ஏழு புள்ளி ஒன்று லிட்டர்.
செல்போனில் வகுத்தார். மறுபடி வகுத்தார்.
பதினாலே கால் தாண்டியது.
சாதிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்
அவன்தான் செய்ததுபோல்.

"கணக்கு முடிஞ்சுதுல்ல?" என்று கேட்டவர்
பைபாஸ் காலியாகக் கிடந்த இடத்தில்
மிதித்தார்.

ஒரே ஒரு சீழ்க்கை.
என் பின்மண்டை சீட்டில் முட்டியது.
குதிரைகள் எங்கும் போகவில்லை,
படுத்திருந்திருக்கின்றன.
நான் ரோட்டைப் பார்க்கவில்லை,
திரையைப் பார்த்தேன்:
எண்பத்தெட்டு டிகிரி,
இம்மி நகராமல்.

ஷெட்டில் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
சென்சாருக்கு விலை இருந்தது,
கூலி இருந்தது.
தெர்மோஸ்டாட்டுக்கு நேராகக் கோடு.

"இது விட்டுப்போச்சா?"

"ஆமாங்க" என்றேன்.
"மூணு வருஷம் முன்னாடியே."